பேட்டையிலிருந்து பாலைக்குப் புறப்படும் ஏழு பேருக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

உங்களை நேரில் உட்காரவைத்துப் பேசவே நினைத்தேன். இரண்டு தடவை முயன்றும் பார்த்தேன். இரண்டு தடவையும் பேச்சு எந்தப் பை எத்தனை கிராம், எந்த டயர் எத்தனை ரூபாய் என்பதிலேயே போய் முடிந்தது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். உங்கள் அம்மா அப்பாக்களும் இதைப் படிக்க வேண்டும். உங்களைப் பார்த்து இன்று பேட்டையிலும் டவுணிலும் பாளையங்கோட்டையிலும் விடியும் முன்னே சைக்கிளை எடுக்கிற பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஆகவே உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன்.

செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரில் தொடங்கும் பேட்லாண்ட்ஸ் பந்தயத்துக்குப் போகப்போகிறீர்கள். கொராஃபே பாலை, தபேர்னாஸ் பாலை, கடலோர மணல், மறுபடி மலை என்று சுமார் 800 கி.மீ. ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 15,000 மீட்டருக்கு மேல் வரும். நம் பொதிகையின் அகத்தியர் முடி 1,868 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அந்த முடிக்கு எட்டுத் தடவை ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாமான் வண்டி வராது. தண்ணீர் நீட்ட ஆள் நிற்காது. தின்பதும் குடிப்பதும் படுப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் அவரவர் பாடு. என் கடை வாசலில் ட்யூப் ஒட்ட நின்ற பிள்ளைகள் அந்தக் கோட்டில் போய் நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நான் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும்.

சாத்தான்குளம் போய்விட்டு ஏழு பேரும் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். உச்சிவெயில். பேய்க்குளத்துக்குப் பக்கத்தில் உங்களில் ஒரு தங்கச்சி வாந்தி எடுத்தாள், ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு பேர் நிற்கவே இல்லை, சராசரி வேகம் குறைந்துவிடும் என்று. இரண்டு பேர் பத்து நிமிஷம் நின்றீர்கள். பிறகு “நீ மெள்ள வா, முன்னால போயிட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டு நீங்களும் போய்விட்டீர்கள். வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரர், யார் பெற்ற பிள்ளையோ என்று, அவளையும் சைக்கிளையும் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்து பேட்டையில் இறக்கினார். அன்றைக்கு ராத்திரி அவள் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். கோபப்படவில்லை. “அண்ணாச்சி, இந்தப் பந்தயத்துல இப்படித்தான் விட்டுட்டுப் போவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அது ஒரு சித்திரை மாதம். நானும் என் கூட்டாளி ஒருத்தனும் காயாமொழிப் பக்கத்திலிருந்து குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் காட்டுக்குள் இறங்கி, மணல் பாதையாகவே தேரிக்குடியிருப்பு போய், அங்கிருந்து உடன்குடி போவது என்று கிளம்பினோம். நாங்கள் இருவரும் அதற்கு முன் கன்னியாகுமரியும் மதுரையும் சைக்கிளிலேயே போய் வந்தவர்கள். தேரிக்குள் எங்கள் கணக்குக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காலை பத்தரை மணி.

அரைக் கிலோமீட்டரில் சைக்கிள் நின்றுவிட்டது. சக்கரம் பாதி புதைந்தது. தள்ள ஆரம்பித்தோம். கணுக்கால் வரை செம்மண், கீழேயிருந்து அனல், தலைக்கு மேலே நிழலே இல்லை. பன்னிரண்டரைக்குத் தண்ணீர் தீர்ந்தது. அவன் பின்தங்கினான். “இன்னும் கொஞ்சந் தூரந்தாம்ல, தள்ளு” என்றேன். அவன் சிரித்தான். காரணமில்லாத சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் செத்துப்போன அவனுடைய அப்பாவிடம் பேச ஆரம்பித்தான். அப்போதும் அவன் உடம்பெல்லாம் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. வேர்க்கிறதே, ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு இல்லை.

எங்கள் சத்தம் கேட்டு, பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையான ஒரு விடிலியிலிருந்து பனையேறி ஒருவர் ஓடிவந்தார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஓலை நிழலில் கிடத்தினார். வாயில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. சட்டையைக் கிழித்துவிட்டு, குடம் குடமாகத் தலையிலும் நெஞ்சிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினார். அவர் வீட்டம்மா ஓலையை எடுத்து நிற்காமல் விசிறினாள். அவர்கள் செய்ததுதான் முழுக்கச் சரியான வைத்தியம் என்று பிறகு டாக்டர் சொன்னார். உடம்புச் சூடு நாற்பது டிகிரிக்கு மேல் போய்ப் புத்தி தடுமாறியவனை முதலில் குளிரவைக்க வேண்டும். வண்டி தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம். நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். அன்று சாயங்காலம் அவனுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. வெந்துபோன தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் சைக்கிளில் ஏறவில்லை. இன்றைக்கும் கால்மணி நேரம் வெயிலில் நின்றால் அவனுக்குத் தலை சுற்றும்.

அன்று அந்தப் பனையேறி என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: “எத்தன குடம் கொண்டாந்திய?” நான் கையிலிருந்த காலி பாட்டிலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். “அண்ணாச்சி, நாங்க எஸ்.ஆர். முடிச்சவங்க.” உண்மைதான். சூப்பர் ராண்டனியர் என்ற அந்தப் பட்டத்துக்காகப் பதின்மூன்றரை மணி நேரத்தில் 200 கி.மீ., இருபது மணியில் 300, இருபத்தேழு மணியில் 400, நாற்பது மணியில் 600 என்று ஒரே வருஷத்தில் நான்கு அட்டையும் வாங்கியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தூரமெல்லாம் தார்ச்சாலையில் ஓட்டியது. நான்குவழிச் சாலையில் எங்கே நின்றாலும் கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு டீக்கடை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். உங்கள் கால் 600 கிலோமீட்டருக்குப் பழகியிருக்கிறது. தண்ணீர் இல்லாத ஐந்து மணி நேரத்துக்கு உங்கள் புத்தி பழகவில்லை.

இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. நாமெல்லாரும் ஆற்றுக்காரர்கள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் பேட்டை வழியாகத்தான் டவுணுக்குப் போகிறது. அதில் குதித்து வளர்ந்த பிள்ளைகள் நாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேர்கிற வரை சுமார் 128 கி.மீ. ஓடி, நம் ஊர்களையெல்லாம் நனைத்துக்கொண்டு போகிறது தாமிரபரணி. திறந்தால் தண்ணீர், தோண்டினால் தண்ணீர். அதனால் தண்ணீரை எண்ணிக் குடிக்கும் பழக்கம் நம் இரத்தத்தில் இல்லை. ஆனால் அதே ஆறு கடலைச் சேரும் இடத்துக்குத் தெற்கே, இங்கிருந்து சைக்கிளில் மூன்று மணி நேரத் தூரத்தில், தண்ணீரை எண்ணியே வாழ்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பாடம் கேளுங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுக்க.

தேரியை நீங்கள் சினிமாவிலும் ரீல்ஸிலும் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக அழகாக இருக்கிறது, படம் எடுக்க நன்றாக இருக்கிறது என்பதோடு சரி. ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எப்படி வீசும் என்று முப்பந்தல் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட காற்று ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்த்துவைத்த மணல் அது. ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்புத்துரு படிந்து சிவந்திருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்றார்கள் நம் பழைய ஆட்கள். பாலை தனியாக எங்கேயோ தூரத்தில் கிடக்கும் நிலம் இல்லை, இருக்கிற நிலமே அப்படி ஆகிவிடும் என்ற அந்தப் புத்தி தேரியில் கால் வைத்தால்தான் விளங்கும். மழை அந்த மணலில் தேங்காது, உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கிவிடும். இறங்கியது எங்கோ ஓரத்தில் சுனையாக ஊறும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார். ஒரு சுனையைக் காவல் காப்பதுதான் அந்தச் சாமியின் வேலை, பெயரே அதுதான். தண்ணீரின் மதிப்புத் தெரிந்தவர்கள்தான் அப்படி ஒரு பெயரை வைத்திருக்க முடியும்.

அங்கே உள்ளவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். பனையேறுகிறவர் இருட்டோடு எழுந்து ஏறுவார், வெயில் உறைக்கும் முன் இறங்குவார். உச்சிவெயிலில் விடிலி நிழலை விட்டு அசையமாட்டார். பொழுது சாயும்போது மறுபடி மரத்துக்குப் போவார். மணப்பாட்டிலிருந்தும் குலசேகரன்பட்டினத்திலிருந்தும் சைக்கிளில் மீனும் கருவாடும் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு வந்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். கேரியரில் பழைய ட்யூபை வைத்து இறுக்கிக் கட்டிய பெட்டி, ஹேண்டில்பாரில் தொங்கும் தூக்குச்சட்டி, அதில் உப்புப் போட்ட நீராகாரம். எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்த வீட்டுத் திண்ணையில் கேட்காமல் உட்காரலாம் என்று அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் பைக்பேக்கிங் என்று சொல்லுவதை அவர்கள் பிழைப்பாகச் செய்தார்கள். அவர்களில் ஒருத்தரிடம்கூட நீங்கள் இன்னும் பேசவில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

இனி கணக்கு. பேட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு நீங்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவீர்கள். அதே தூரத்தை மணலில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் மூன்று மணி நேரம் ஆகும். அந்த வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். ஆக மூன்று லிட்டர். வழி தவறினால், டயர் கிழிந்தால், இன்னும் இரண்டு. ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ. பை எடையில் இருநூறு கிராம் குறைக்கப் பத்தாயிரம் ரூபாய் செலவழித்தீர்களே, இந்த ஐந்து கிலோவை எங்கே கட்டப் போகிறீர்கள் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? தூரத்தை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் போடாதீர்கள், நேரத்தை வைத்துப் போடுங்கள். நானும் என் கூட்டாளியும் தவறியது அந்த ஒரே இடத்தில்தான்.

நம் ஊர் வெயிலுக்குப் பழகிவிட்டோம் என்றும் இருந்துவிடாதீர்கள். இங்கே ஈரக்காற்று. வேர்வை வழிகிறது, சட்டை நனைகிறது, தாகம் உறைக்கிறது. அங்கே வறண்ட காற்று. வேர்வை வெளியே வந்த உடனே காய்ந்துவிடும், தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ஆபத்துதான். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பவுடர் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இங்கே பயிற்சியின்போது மோரும் நீராகாரமும் உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் போதும். வயிறு அறிந்த தீனியில் முதலில் பழகுங்கள். புதுப்புது ஜெல் பாக்கெட்டை அங்கே போய் முதல் தடவையாகக் கிழிக்க வேண்டாம்.

ஓட்டும் முன்பும் ஓட்டிய பின்பும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் நீங்கள் குடிக்கத் தவறிய ஒரு லிட்டர். அறுபது கிலோ ஆளுக்கு ஒன்றேகால் கிலோ குறைந்தாலே கால் தளர ஆரம்பித்துவிடும், முடிவெடுக்கிற புத்தியும் மங்க ஆரம்பிக்கும். எனக்குக் காலைவிட அந்தப் புத்தியைப் பற்றித்தான் பயம். புத்தி மங்கியவனுக்குத் தன் புத்தி மங்கியது தெரியாது. என் கூட்டாளி சிரித்தான் என்று எழுதினேனே, அவன் உள்ளே எரிந்துகொண்டிருந்தது அவனுக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவன்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்தவன் நான்.

உடம்பை வெயிலுக்குப் பழக்க முடியும். பத்து முதல் பதினான்கு நாள் தினமும் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி ஓட்டினால் இரத்தத்தின் நீர் கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். முதல் நாள் அரைமணி, கடைசியில் ஒன்றரை மணி. சுத்தமல்லி விலக்கு வரை போய்த் திரும்பினால் போதும், இதற்குத் தேரி தேவையில்லை. விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும். ஆகவே சித்திரையில் பழகியதை நம்பி ஆவணியில் விமானம் ஏறாதீர்கள். புறப்படும் முன் மறுபடி பழக்க வேண்டும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அதில் நீங்கள் என்னைவிட விவரமானவர்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முப்பது வருஷம் கடை வைத்தவன் என்ற முறையில் இரண்டே சொல். மணலுக்குள் போகும்போது காற்றைக் குறையுங்கள், டயர் அகன்று மிதக்கும். கல்லுக்கு ஏறியதும் மறக்காமல் அடியுங்கள், இல்லாவிட்டால் ரிம் வாங்கிவிடும். செயினில் எண்ணெய் ஒழுக விடாதீர்கள். மணல் ஒட்டினால் அது செயின் இல்லை, அரம். பல்லைத் தின்றுவிடும். பிறகு தேரி உடைமுள், நெருஞ்சி இரண்டும் உங்கள் சீலண்டைச் சோதித்துச் சொல்லும், கம்பெனி விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2020-இல் முதல் பேட்லாண்ட்ஸை லாக்லன் மோர்ட்டன் நாற்பத்து மூன்றரை மணி நேரத்தில் முடித்தார். அதைப் பார்த்துவிட்டு உங்களில் இரண்டு பேர் தூங்காமல் ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அதையே தொழிலாகச் செய்கிறவர். உலகத்தின் பெரிய பந்தயங்களில் ஓடியவர். அந்த உடம்பு வேறு. மைக் ஹால் என்ற பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தன்னந்தனிப் பந்தயங்களை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவர், டிரான்ஸ்கான்டினென்டல் பந்தயத்தை உருவாக்கியவர். 2017-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து சிட்னிக்குப் போன பந்தயத்தில் நல்லார்பர் வெட்டவெளியைக் கடந்து வந்தவர், மார்ச் 31 அன்று விடியும் முன்னே கான்பெராவுக்குப் பக்கத்தில் கார் மோதி இறந்துபோனார். பாலையைக் கடந்தவருக்குச் சாவு சாலையில் இருந்தது. தினமும் நான்கு மணி நேரமாவது படுங்கள். விளக்கும் ஒளிரும் மேலாடையும் வாங்குவதில் மட்டும் எடை பார்க்க வேண்டாம்.

திரும்புவது கேவலம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். கியர் இல்லை, ஃபோன் இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை. பாரசீகத்தையும் மெசபடோமியப் பாலையையும் கடந்து போனார்கள். 1928 மார்ச்சில் சுற்றை முடித்துப் பம்பாய் திரும்பியவர்கள் மூன்று பேர்: அடி ஹக்கிம், ஜல் பாபாசோலா, ரஸ்டம் பும்காரா. ஒருவர் தெஹ்ரானிலேயே பிரிந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவரையும் சேர்த்து ஆறு பேர் என்றுதான் இன்றும் சொல்கிறோம். பேய்க்குளத்தில் உட்கார்ந்த தங்கச்சியும் உங்கள் ஏழு பேரில் ஒருத்திதான். உடம்பு சொன்னதைக் கேட்டு அன்றைக்கு உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். அதற்கு நான் அவளை மெச்சுகிறேன். நீங்களும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது நடக்காமல் மற்றதெல்லாம் நடந்து பயனில்லை.

பந்தயத்தில் அவரவர் தனித்தனிதானே, அங்கே யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லையே என்று ஒரு தம்பி என்னிடம் வாதம் செய்தான். சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் அது சரி. உயிருக்கு எந்தப் பந்தயத்திலும் அப்படி ஒரு விதி கிடையாது. அங்கே தனியாக ஓட்டப்போகிறோம் என்பதால்தான் இங்கே ஒருவரையொருவர் பார்த்துப் பழக வேண்டும். அடுத்தவன் முகத்தில் தெரியும் அசதியை அடையாளம் காணத் தெரிந்தவனுக்குத்தான் தன் அசதியும் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மூன்று தடவை தேரிக்கு வாருங்கள். வைகாசியில் ஒன்று, ஆடிக் காற்றில் ஒன்று, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் ஒன்று. பந்தயத்துக்குக் கட்டும் அதே பையை, அதே எடையில், தண்ணீரோடு கட்டிக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மணலில் இறங்குவோம், இருட்டில் ஓட்டுவோம், ராத்திரி அங்கேயே படுப்போம், விடிந்து பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுவோம். பதினொன்றிலிருந்து மூன்று வரை யாரும் அசையக்கூடாது. காப்புக்காடாக இருக்கும் பக்கம் வனத்துறையிடம் கேட்காமல் ஒரு சக்கரமும் உருளாது, அந்த அனுமதியை வாங்குவது என் பொறுப்பு. கொல்லாமரத் தோப்புகளிலும் பனந்தோப்புகளிலும் சொந்தக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போவோம். ஒரு பிளாஸ்டிக் உறை அங்கே விழக்கூடாது. சுருட்டை விரியன் உள்ள நிலம், ராத்திரி ஷூ இல்லாமல் யாரும் எழுந்து நடக்கக்கூடாது, புதர் ஓரம் படுக்கக்கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, எந்த நிலை வந்தால் நிறுத்திவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதி, அம்மாவிடமோ அப்பாவிடமோ வீட்டுக்காரியிடமோ கொடுங்கள். தண்ணீர் இவ்வளவுக்குக் குறைந்தால், இத்தனை மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், வாந்தி நிற்காவிட்டால் என்று தெளிவாக எழுதுங்கள். குளிர்ந்த தலையோடு இங்கே எடுத்த முடிவைச் சூடேறிய தலை அங்கே மாற்றக்கூடாது. மூன்று தடவையும் தேரிக்கு வராதவர்கள் இந்த வருஷம் போக வேண்டாம் என்று உங்கள் காலைப் பிடித்துக் கேட்பேன். பணம் போகட்டும். பந்தயம் அடுத்த வருஷமும் வரும்.

அந்தப் பனையேறி இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வயதாகிவிட்டது, மரம் ஏறுவது அவர் மகன். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் கூட்டாளியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பஸ்ஸில். வைகாசி முதல் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஐ.டி.ஐ. வாசலில் சாமான் ஆட்டோ நிற்கும். சைக்கிள்களை அதில் ஏற்றிவிட்டு நாம் வேனில் போவோம், அந்த வெயிலில் யாரும் ஓட்ட வேண்டாம். யார் யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். எத்தனை குடம் இறைத்து வைக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

அன்புடன்,
பேட்டை சைக்கிள் கடை அண்ணாச்சி